இரண்டு மணிக்கொரு தரம்

அம்மாவின் முதுகை நான் பார்த்ததே இல்லை. இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் நழுவிப் போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஒரே காலையில் வலக்கை போயிற்று, வலக்கால் போயிற்று, பேச்சில் பாதி போயிற்று. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூலக்குளம் வீட்டின் முன்னறையில் கட்டில் வந்தது, காற்று மெத்தை வந்தது, மெத்தைக்குக் காற்றடிக்கும் சின்ன மோட்டார் வந்தது. சுவருக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி அது பகலெல்லாம் முனகும். டிஸ்சார்ஜ் அன்று வார்டு சிஸ்டர் காகிதங்களை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மாத்திரைய எல்லாரும் ஞாபகமாக் குடுத்துடறாங்க சார். திருப்பிப் போடத்தான் மறந்துடறாங்க. முதுகுல புண்ணு வந்துச்சுன்னா அப்புறம் பக்கவாதம் ரெண்டாவது நோய், புண்ணுதான் மொதல் நோய்."

அன்று முதல் வீட்டில் ஒரே ஒரு கவலைதான். புண் வரக்கூடாது.

நான் தனி ஆள். கல்யாணம் என்ற ஒன்றிலிருந்து எப்படியோ தப்பித்து ஐம்பத்தொரு வயது வரை வந்துவிட்டவன். ஊருக்குள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். அடுத்தவர் எழுதியதில் பிழை தேடுகிற வேலை. தங்கை பிரான்சில் இருக்கிறாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன இந்த ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. அங்கே அவளுக்கு என்ன வேலை என்றால், வயதானவர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, துணி மாற்றி, வாயில் கரண்டி வைக்கிற வேலை. அவள் யாரோ ஒரு மதாமின், வெள்ளைக்கார அம்மாளின், முதுகைத் துடைக்கிறாள். எங்கள் அம்மாவின் முதுகைத் துடைக்க நாங்கள் வேறு யாரையோ தேடுகிறோம்.

தொழில் தெரிந்தவள் என்பதால் வீடியோவில் உத்தரவு வந்தது. "ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பணும்ணா. இடது, நேரா, வலது. நோட்டுப் போடு. வர்ற ஆள டிக் பண்ணச் சொல்லு. வாயால கேட்டா எல்லாரும் திருப்பினேன்னுதான் சொல்லுவாங்க."

நோட்டுப் போட்டேன். கட்டம் போடுவதில் மெய்ப்புக்காரன் குறை வைப்பானா? எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு. சிவப்பு மையில் கோடு, நீல மையில் நேரம். அழகாக இருந்தது.

ஆட்கள் வந்தார்கள். ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரருக்கு எப்போதும் ஒரே குரல்: "நல்ல பொண்ணு சார், பொறுமையான பொண்ணு, நீங்களே சொல்லுவீங்க பாருங்க." முதலில் வந்தவர் அம்மாவிடம் மூன்று வயதுப் பிள்ளையிடம் பேசுவது போலப் பேசினார், நாலாம் நாள் அம்மா நல்ல கையால் அவர் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அடுத்தவர் தம் கழுத்து வலிக்கு என்னிடம் மாத்திரை கேட்டுக்கொண்டே ஒரு வாரத்தைக் கடத்தினார். இன்னொருவர் நல்லவர், ஆனால் அவருக்கே ரத்தக்கொதிப்பு. அம்மாவைத் தூக்கியபோது இவர் உட்கார்ந்துவிட்டார். ஒருவர் மத்தியானம் சொல்லாமல் போனார், ஒருவர் சொல்லிவிட்டு வராமல் போனார். ஒவ்வொரு புது ஆளுக்கும் முதலிலிருந்து எல்லாம்: இது மாத்திரை, இது டயாப்பர், இது யூரின் பை, அம்மாவுக்கு வெந்தயக் கஞ்சி ஆகாது, அம்மாவுக்கு எல்லாம் புரியும், தயவுசெய்து அவங்க முன்னால அவங்களப் பத்திப் பேசாதீங்க. சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடமாகி, ஒரு கட்டத்தில் பொருள் உதிர்ந்து ஓசை மட்டும் மிஞ்சியது.

பிறகு அவள் வந்தாள். நாற்பது வயது இருக்கும். கோரிமேட்டு எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு கிராமம். இரண்டு பஸ் மாறி எட்டு மணிக்குச் சரியாக நிற்பாள். முதல் நாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டாள், இரண்டு பக்கமும் ஆள் நிற்கிற மாதிரி. பழைய பருத்திப் புடவை ஒன்றை நாலாக மடித்து அம்மாவின் அடியில் விரித்தாள். திருப்பும்போது அம்மாவைத் தொட்டு இழுக்கவில்லை, அந்தப் புடவையைத்தான் இழுத்தாள். அம்மா கரையோரத் தோணி மாதிரி மெல்லப் புரண்டு இடப்பக்கம் வந்து நின்றாள். முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை, கணுக்காலுக்குக் கீழே ஒரு சுருட்டிய துண்டு.

"வலிச்சுதாம்மா?"

அம்மா இல்லையென்று தலையாட்டினாள்.

"வலிச்சா என்னக் கிள்ளிடு. வாயால சொல்ல நேரமாவும். கிள்ளு சீக்கிரம் வந்துடும்."

அம்மா சிரித்தாள். பாதி உதடு மட்டும் மேலே போகிற சிரிப்பு. வியாதிக்குப் பிறகு நான் அதைப் பார்த்தது அன்றுதான். அச்சகத்துக்கு ஸ்கூட்டரில் போகும்போது வில்லியனூர் ரோட்டு இரைச்சலுக்குள் வாய்விட்டு "அப்பாடா" என்றேன்.

சாயங்காலம் வந்ததும் முதலில் நோட்டைத்தான் எடுப்பேன். ஆறு கட்டம், ஆறு டிக். செருப்பைக்கூடக் கழற்றியிருக்கமாட்டேன். டிக்குகளைப் பார்த்து மனசு ஆறின பிறகுதான் அம்மாவிடம் போய் "இன்னாம்மா, எப்பிடிக் கீறே?" என்று கேட்பேன். இந்த வரிசையை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். முதலில் நோட்டு, பிறகு அம்மா.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. அன்று நான். புடவையை இழுத்துத் திருப்பக் கற்றுக்கொண்டேன். ஆனால் டயாப்பர் மாற்றும்போது அம்மா நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். "பாக்காதே." அந்த ஒரு சொல் மட்டும் அவளுக்குத் திக்காமல் வரும். போர்வையை மூடியபடி, ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே, கையால் தடவித் தடவித் துடைத்து மாற்றுவேன். நான் அதை மரியாதை என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

மாதம் ஒரு முறை யூரின் டியூப் மாற்ற ஒரு நர்ஸ் வருவார். அவர்தான் பார்த்தார். அம்மாவைப் புரட்டியவர், மூக்கைச் சுருக்கி, நைட்டியை மேலே ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நான் வாசல் பக்கம் திரும்பி நின்றிருந்தேன்.

"சார், இங்க வாங்க."

"இல்ல... அம்மாவுக்குப் பிடிக்காது."

"பிடிக்காட்டி பரவாயில்ல, வாங்க."

நான் போகவில்லை. அவரே போனில் படம் எடுத்துக் காட்டினார். முதுகுத்தண்டு முடிகிற இடத்தில், நெல்லிக்காயை வெட்டிக் கவிழ்த்த அளவில், ஓரம் கறுத்து நடுவில் மஞ்சளாக ஒன்று. அது அம்மாவின் உடம்பு என்று நம்ப முடியவில்லை.

"இது நேத்து இன்னிக்கு வந்ததில்ல சார். திருப்பறீங்களா இல்லையா?"

நோட்டை எடுத்துக் காட்டினேன். ஐயோ, நோட்டை எடுத்துக் காட்டினேன்! அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நோட்டு நல்லாத்தான் இருக்கு. ஆழமாப் போயி எலும்பத் தொட்டுச்சுன்னா ஆஸ்பத்திரியிலதான் வைக்கணும். தினம் டிரஸ்ஸிங் பண்ணுங்க, முட்டை குடுங்க. திருப்புங்க."

அவள் அங்கேதான் நின்றிருந்தாள். "சேப்பாத்தான் இருந்துச்சுண்ணா. எண்ணெ தடவுனேன், போயிடும்னு பாத்தேன்" என்றாள். நர்ஸ் போன பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அம்மா, இவ உன்னத் திருப்பறாளா?"

"திருப்பறா."

"எல்லா வேளையும்?"

"திருப்பறா. திருப்பறா." இரண்டு முறை சொன்னாள். ஒவ்வொரு சொல்லாகத் திக்கித் திக்கிப் பேசுகிறவள் எதையும் இரண்டு முறை சொல்லமாட்டாள். மெய்ப்புக்காரனுக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

உறைத்தது நாலு நாள் கழித்து. அச்சகத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை. மணமகளின் அப்பா பெயரில் இருந்த பிழையை இரண்டு முறை பார்த்தும் விட்டுவிட்டேன். "திருப்பறா. திருப்பறா" என்று அம்மா இரண்டு முறை சொன்னது காதில் வந்தது. இரண்டே கால் இருக்கும். எழுந்தேன், ஸ்கூட்டரை எடுத்தேன்.

கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. உள்ளே மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. அம்மா நேராக, மல்லாந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மேசையில் நோட்டு. இரண்டு மணிக் கட்டத்தில் டிக். இன்னும் வராத நாலு மணிக் கட்டத்திலும் டிக்.

"எங்கம்மா அவ?"

அம்மாவின் கண் என் முகத்துக்கு வந்தது. சட்டைப் பையில் செருகியிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று, கையில் இருந்த நோட்டுக்குப் போயிற்று, திரும்ப முகத்துக்கு வந்தது.

"கக்கூஸ்... போயிருக்கா. இதோ... வந்துடுவா."

கக்கூஸ் கதவு என் எதிரில் விரியத் திறந்து கிடந்தது.

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். அம்மா மில்லில் நூல் சுற்றும் பகுதியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். மில்லை மூடி எத்தனையோ காலமாகியும் அந்தக் கதை மட்டும் மூடவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு பத்து மணிக்கு மில் கேட்டாண்ட வருவாளாம். அம்மா பால் கொடுக்க ஓடுவாள். அந்தக் கால் மணி நேரம் பக்கத்து மெஷின்காரி தன் மெஷினில் நூல் சுற்றும் கதிர்களோடு அம்மாவின் கதிர்களையும் பார்த்துக்கொள்வாள். எங்கே இழை அறுந்தாலும் ஓடிப் போய் முடிச்சுப் போடுவாள். இரண்டு பேர் வேலை ஒருத்திக்கு. சில நாள் இழை அறுந்து நூல் வீணாகும். அதை யாரும் யார் பேரிலும் சொன்னதில்லை. மேஸ்திரி வந்து "எங்கடி அவ?" என்றால் அந்தப் பகுதி முழுக்க ஒரே பதில்தான். கக்கூஸ் போயிருக்கா, இதோ வந்துடுவா. அம்மாவும் எத்தனையோ பேருக்காக அதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லிக் காட்டும்போது குரலை மாற்றி, கண்ணை அப்பாவியாக வைத்துக்கொள்வாள். சின்ன வயதில் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அதே கண்தான். ஆனால் அது இப்போது என்னைப் பார்த்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அம்மாவைத் திருப்பத் தோன்றவில்லை. இதையும் எழுத வேண்டும். மூன்றரை வரை, ஒரு மணி நேரத்துக்கு மேல், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அம்மா அந்தப் புண்ணின் மேல் மல்லாந்து கிடந்தாள்.

மூன்றரைக்கு மூச்சிரைக்க வந்தாள். புடவை முந்தானையில் ரசச் சோற்று வாசனை. என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள்.

"ரெண்டு தெரு தள்ளி ஒரு தாத்தாண்ணா" என்றாள். "சொல்தாத் தாத்தான்னு சொல்லுவாங்க. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவுரு. போன வருஷம் எனக்கு அங்கதான் டியூட்டி. பிரான்சுல இருக்கற அவுரு புள்ள ஏஜென்சிய நிறுத்திட்டாரு. காலைல ஒரு வேலக்காரம்மா, ராத்திரிக்குப் பேரன் முறையில ஒருத்தரு. நடுவுல யாரும் இல்ல. சோத்த மூடி வச்சிட்டுப் போறாங்க, எழுந்து திங்க அவுருக்குக் காலு இருக்கா? ஒரு நா ஜன்னல் வழியாப் பாத்தேன். எறும்பு மொய்ச்சுக் கெடந்துச்சு."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் போறேன். ஊட்டிவுட்டு, துணி மாத்திட்டு ஓடியாந்துடறேன்."

"எங்கம்மா முதுகு அழுகுது. நீ பொய்யா டிக் போட்டுட்டு ஊரான் வீட்ல சோறூட்டறே."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கூரையைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவே ஏதோ ஒன்று போய் வந்தது. எனக்கு அதில் இடமில்லை.

"நாளைக்கு வர வேணாம்" என்றேன்.

"ஏஜென்சில தாத்தா வீட்டச் சொல்லிடாதீங்கண்ணா. என் சர்டிபிகேட் எல்லாம் ஏஜென்சிக்காரருகிட்டதான் இருக்கு."

நான் ஏஜென்சிக்குப் புண்ணை மட்டும் சொன்னேன். அது பெருந்தன்மை இல்லை, அலுப்பு. மிச்சத்தை விளக்க வாயில் தெம்பில்லை.

அன்று சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டு "நிறுத்திட்டேன்" என்றேன், பெரிய காரியம் செய்தவன் போல. அவள் பஸ்ஸில் நின்றபடி ஏதோ மென்றுகொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள்.

"சரி. ராத்திரி யாருண்ணா திருப்பறா?"

"என்னது?"

"நோட்டுல எட்டுலருந்து ஆறு வரைக்குந்தானே கட்டம் போட்டே. ராத்திரியில முதுகு தூங்கிடுமா?"

அலாரம் வைப்பேன். அணைப்பேன். காலையில் எழும்போது அம்மா நான் படுக்க வைத்த பக்கமே கிடப்பாள், சில நாள் மல்லாந்து. எனக்கென்று ஒரு கட்டம்கூடப் போட்டுக்கொள்ளவில்லை என்பது அந்த நொடி வரை எனக்குத் தோன்றவேயில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

"நீதானே ரெண்டு மணிக்கொரு தரம்னு சொன்னே" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"சொன்னேன். பாடத்துல அப்பிடித்தான் இருக்கு. எனக்குக் காலைல அஞ்சு வீடு. ஒரு மதாமுக்கு ஷூ மாட்டறதுக்குள்ள அடுத்த மதாம் போன் பண்ணுது. நானும் பேப்பர்ல எல்லாம் செஞ்சதாத்தான் கையெழுத்துப் போட்டுட்டு வரேன்." பஸ் எங்கோ நின்றது. "எறங்கணும். அம்மாவுக்கு முட்டை குடு" என்றாள்.

புது ஆள் மறுநாளே வந்தார். வெள்ளைக் கோட்டு, கையுறை, போனில் அலாரம். அலாரம் அடித்தால் திருப்புவார். ஒரு நிமிஷம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. "பாடி திருப்பியாச்சு சார்" என்பார். குறை சொல்ல ஒன்றுமில்லை. முதன்முறையாக நோட்டில் இருந்ததெல்லாம் உண்மை.

அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

கஞ்சிக்குத் திறக்கவில்லை, முட்டைக்குத் திறக்கவில்லை. தண்ணீர் மட்டும் இரண்டு மடக்கு. "பேஷன்ட் கோ-ஆப்பரேட் பண்ண மாட்டேங்கறாங்க சார்" என்றார் அவர். இரண்டாம் நாள் நான் லீவு போட்டு ஊட்டிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மில்லில் எத்தனை வேலைநிறுத்தம் பார்த்தவள். அப்போது கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள். இப்போது கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள், படுத்தபடி.

மூன்றாம் நாள், நான் கூப்பிட்டதன் பேரில் நர்ஸ் வந்து புண்ணைப் பார்த்துவிட்டு, "சாப்பிடலன்னா சதை எப்பிடி சார் வளரும்? பெருசாயிருக்கு" என்றார். கிண்ணத்தோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா வேணும் ஒனக்கு?"

"அவளக்... கூப்புடு."

"அவ உன்ன ஏமாத்திட்டுப் போனாம்மா!"

"இல்ல. நான்... போகச் சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவுருக்கு... சோறு. எனக்கு... திரும்பறது. சோறு... பெருசு."

"உன் முதுகும்மா."

"என் முதுகுதானே." பிறகு, நல்ல கையால் என் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டு, "மேஸ்திரி" என்றாள். அந்தச் சொல்லும் திக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தெருவுக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை; ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த ஒரு கிழவர் கையை நெற்றிக்கு வைத்து வணக்கம் போட்டார். "போன்ஜூர், முசியே!" உள்ளே அவள் தரையில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தாள். ஏஜென்சி நாலு நாளாக அவளுக்கு டியூட்டி தரவில்லை. ஆனாலும் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, இந்தச் சோற்றுக்காக மட்டும் வந்து போகிறாள்.

எழுந்திருக்கவில்லை. கை நிறையச் சோறு. "திட்டறதா இருந்தா அவுரு சாப்ட்ட பொறவு திட்டுங்கண்ணா. காது கேக்காது, ஆனா மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்குவாரு. அப்புறம் துப்பிடுவாரு."

"அம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க."

கை நின்றது. "எத்தினி நாளா?"

சொன்னேன்.

"புண்ணு?"

"பெருசாயிருக்காம்."

"ஆயிருக்காமா? நீங்க பாக்கலியா?" ஒரு கவளத்தைக் கிழவர் வாயில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் டிக் போட்டது தப்புண்ணா. கால்ல வுழறேன். சேப்பாத் தெரிஞ்ச அன்னைக்கே சொல்லாதது அதவிடத் தப்பு. பயம். ஆனா ஞாயித்துக்கெழமல்லாம் நீங்கதானே துடைச்சீங்க. மூஞ்சத் திருப்பிக்கினு துடைச்சா எப்பிடித் தெரியும்?"

கிழவர் அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். நான் சுவரோரம் உட்கார்ந்தேன். களைப்பாக இருந்தது. கோபப்படக்கூட ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

"ஒண்ணரைக்கு நான் வந்துடறேன்" என்றேன். "மூணரை வரைக்கும் அம்மாவ நான் பாத்துக்கறேன். நீ இங்க வா. நோட்டு வேணாம்."

அச்சகத்து முதலாளியிடம் மத்தியானம் இரண்டு மணி நேரம் கேட்டேன். அதைச் சாயங்காலத்தில் ஈடுகட்டச் சொன்னார். சாயங்காலம் நான் வரும்வரை இருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போக அவளும் ஒத்துக்கொண்டாள். ஏஜென்சிக்காரர் மட்டும் சந்தேகப்பட்டார். "நீங்கதானே சார் கம்ப்ளெயின்ட் பண்ணீங்க? மறுபடி அதே பொண்ணு கேக்கறீங்க?"

"என் தப்பு சார்."

"சரி. ஆனா நான் அப்பப்போ செக் பண்ணுவேன்."

அவள் வந்த காலையில் அம்மா ஒரு முழு முட்டையைத் தின்றாள். வெள்ளைக்கரு தாடையில் வழிய, என்னைப் பார்த்தபடியே தின்றாள்.

முதல் மத்தியானம். அவள் போய்விட்டாள். இரண்டு மணி. புடவையை இழுத்து அம்மாவை வலப்பக்கம் திருப்பினேன். டிரஸ்ஸிங் தட்டைப் பக்கத்தில் வைத்தேன். நைட்டியில் கை வைத்ததும் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாக்காதே."

"பாத்தாதாம்மா ஆறும்."

பிடி தளர நேரம் பிடித்தது. பிறகு அவள் தன் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இத்தனை நாள் நான் செய்ததை இப்போது அவள் செய்தாள். நான் பார்த்தேன். தோள்பட்டை எலும்பு இரண்டும் மடக்கிய குடை மாதிரி. நடுமுதுகில் ஒரு மச்சம். ஐம்பத்தொரு வருஷம் அவளோடு இருந்திருக்கிறேன், அன்றுதான் தெரியும். அதற்குக் கீழே, அங்கே, அது. போட்டோவில் இருந்ததைவிடப் பெரிது. போட்டோவில் வாசனையும் இல்லை. தாத்தா வீட்டுக்குக் கிளம்புமுன் அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே உப்புத்தண்ணீர்ப் பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தேன். அம்மா கிள்ளவில்லை. அவள் விரல்கள் கட்டில் சட்டத்தில் எதையோ முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

மூன்று வாரமாக இப்படிப் போகிறது. இரவில் பன்னிரண்டுக்கும் நாலுக்கும் எழுகிறேன். எழாத இரவுகளும் உண்டு. புண் ஆறவில்லை. ஓரத்தில் ரோஜா நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று வந்திருக்கிறது; புதுச் சதை என்கிறாள் அவள், இன்னும் சொல்ல முடியாது என்கிறார் நர்ஸ். அதைத் தினமும் உற்றுப் பார்க்கிறேன். எந்த எழுத்தையும் இப்படிப் பார்த்ததில்லை.

நேற்று மத்தியானம், கையில் பஞ்சோடு இருந்தபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். ஏஜென்சிக்காரர்.

"சார், பொண்ணு டியூட்டில இருக்கா? அவ போன் எடுக்கல."

அம்மாவின் முதுகு அசையாமல் நின்றது, மூச்சுக்கூட இல்லை.

"கக்கூஸ் போயிருக்கா சார்" என்றேன். "இதோ வந்துடுவா."

"ம். வந்தா போன் பண்ணச் சொல்லுங்க."

வைத்துவிட்டார். பஞ்சை மாற்றினேன், பிளாஸ்திரியை ஒட்டினேன், நைட்டியை இறக்கினேன். அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன். பாதி உதடு மேலே போயிருந்தது.

"உடனே... சொல்லிட்டே" என்றாள். "கொஞ்சம்... தேடணும். கூப்புடணும். அப்புறந்தான்... சொல்லணும்."

"சரிம்மா. அடுத்த தரம்."

"சரி. காலு... நோவுது. தலவாணி... வை."

முழங்காலுக்கு நடுவே தலையணையை வைத்தேன். மணி இரண்டு இருபது. நாலு மணிக்கு அவள் திருப்புவாள்.